இங்கு அரசியல் பேசலாம்

(மதுரையில் ஒரு வாசகர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எதைப் பற்றிப் பேசட்டும் என்று வாசகர் வட்டச் செயலாளரிடம் கேட்டேன். "அன்றாடம் உங்கள் மனசில் என்ன ஓடுகிறதோ அதைப் பேசுங்கள்" என்றார். என் மனசில் அன்றாடம் ஓடுவது மூன்று விஷயம். அரசியல், சாமி, ஹோட்டல் சாப்பாடு.

முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் மெடிக்கல் ரெப்பாக வேலை பார்த்தவன். மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல், தேனி, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி என்று சுற்றியவன். மாதத்தில் இருபது நாள் வெளியில்தான் சாப்பாடு. டாக்டர் வர நேரமானால் டீக்கடை. டாக்டரைப் பார்த்துவிட்டால் மெஸ். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் பரோட்டாக் கடை. வீட்டுச் சாப்பாட்டை விட ஹோட்டல் சாப்பாடுதான் இந்த உடம்பை வளர்த்தது. படித்ததை வைத்து நான் பேச வரவில்லை. உட்கார்ந்த பெஞ்சுகளை வைத்துப் பேச வந்திருக்கிறேன்.

நண்பர்களே, அடுத்த முறை ஹோட்டலுக்குப் போகும்போது கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பாருங்கள். மேலே சாமி படம் இருக்கும். பல கடைகளில் ஒரே சட்டத்துக்குள் பிள்ளையாரும் வேளாங்கண்ணி மாதாவும் மெக்காவும் இருப்பார்கள். அதற்கு ஊதுபத்தி, ஒரு முழம் பூ, ஒரு சின்னச் சிவப்பு பல்பு. அதற்குக் கீழே விலைப் பட்டியல். இட்லி இவ்வளவு, பொங்கல் இவ்வளவு, நெய் ரோஸ்ட் இவ்வளவு. அதற்கும் பக்கத்தில் ஒரு போர்டு. "இங்கு அரசியல் பேசக்கூடாது." டீக்கடையில் இருக்கும், சலூனில் இருக்கும், மெஸ்ஸில் இருக்கும்.

சாமி இருக்கலாம். சாப்பாடு இருக்கலாம். அரசியல் மட்டும் கூடாது! இதுதான் அந்தச் சுவர் சொல்கிற செய்தி. இன்று நான் பேசப் போவது அந்தச் சுவரைப் பற்றித்தான்.

அந்த போர்டை ஏன் மாட்டினார்கள்? கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கட்சிச் சண்டை போட்டால் அவர் எப்படிக் கடை நடத்துவார்? வாய் வார்த்தை கைகலப்பானால் உடைவது அவருடைய கிளாஸ். விருதுநகர் பக்கம் ஒரு பெரியவர் கடையில் அந்த போர்டு துருப்பிடித்துத் தொங்கியது. எப்போது மாட்டினீர்கள் அண்ணாச்சி என்று கேட்டேன். "1976-ல தம்பி" என்றார். அந்த ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஆட்சியைக் கலைத்தார்கள். நெருக்கடி நிலைக் காலம். பக்கத்து பெஞ்சில் டீ குடிப்பவர் மப்டி போலீசா, வாடிக்கையாளரா என்று தெரியாது. பேசினவர்களைக் காணோம் என்று ஊரில் பேச்சு. பயந்து போய் மாட்டினாராம். "அப்புறம் எடுக்கத் தோணல" என்றார். நெருக்கடி நிலை 1977 மார்ச்சில் போய்விட்டது. போர்டு போகவில்லை.

பயத்தில் மாட்டியது பழக்கமாகிவிட்டது. அதுதான் என் வருத்தம்.

சரி, அரசியல் பேசாமல் இருந்துவிட்டால் அரசியல் அந்தக் கடைக்குள் வராதா? சாப்பிட்டு முடித்து பில்லைக் கையில் வாங்குங்கள். அடியில் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது? மத்திய ஜி.எஸ்.டி. இரண்டரை சதவீதம், மாநில ஜி.எஸ்.டி. இரண்டரை சதவீதம். 2017 ஜூலையில் இந்த வரி வந்தபோது ஏ.சி. இல்லாத ஹோட்டலுக்கு 12 சதவீதம், ஏ.சி. ஹோட்டலுக்கு 18 சதவீதம் போட்டார்கள். நாடு முழுக்கச் சத்தம் எழுந்தது. நவம்பரில் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். சத்தம் போட்டதால் குறைந்தது. "இங்கு பேசக்கூடாது" என்று எல்லோரும் வாயை மூடியிருந்தால் குறைந்திருக்குமா? சிலிண்டர் விலை அரசியல். உளுந்து இறக்குமதி அரசியல். பால் கொள்முதல் விலை அரசியல். நம் தட்டில் இருக்கிற வடை, இத்தனை அரசியலையும் தாண்டித்தான் எண்ணெய்க்குள் இறங்குகிறது.

பெரிய ஹோட்டலில் அரசியல் பேச்சு குறைவு. அங்கே அவரவர் மேசை, அவரவர் குடும்பம், அவரவர் போன். பேச்சு டீக்கடை பெஞ்சில்தான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரே பேப்பரைப் பல பேர் பிரித்துப் படிப்பார்கள். முதல் பக்கம் கிடைத்தவர் ராஜா. மூன்றாம் பக்கம் கிடைத்தவர், "தொடர்ச்சி எங்கப்பா?" என்று பெஞ்சு முழுக்கத் தேடுவார். படிக்கத் தெரியாத ஒரு பெரியவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். யாராவது அவருக்காகச் சத்தமாகப் படிப்பார்கள். கேட்டு முடித்துவிட்டு அவர் சொல்வார் பாருங்கள் ஒரு தீர்ப்பு, அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சி.பா. ஆதித்தனார் 1942-ல் 'தினத்தந்தி'யைத் தொடங்கியது இந்த மதுரையில்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் புரிகிற தமிழில் செய்தி வேண்டும் என்று நினைத்தார். அந்தத் தமிழ் வளர்ந்த இடம் டீக்கடை. இந்த நாட்டில் ஏழை மனிதன் கட்டணமில்லாமல் படித்த வாசகசாலை டீக்கடை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தாய்மார்களே, அந்தப் பெஞ்சில் உங்களுக்கு இடம் இருந்ததில்லை. ஹோட்டலில் உங்களுக்கு 'ஃபேமிலி ரூம்' என்று பலகை வைத்து, அழுக்குத் திரையைத் தொங்கவிட்டு, உள்ளே அனுப்பினோம். டீக்கடையில் அதுவும் இல்லை. என் மனைவி டீக்கடை முன்னால் நின்று கிளாஸில் டீ குடித்தது, எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் கழித்து. மாட்டுத்தாவணி பக்கம், விடிகாலை, பஸ் வர நேரமாகும் என்றார்கள். குளிர். "ரெண்டு டீ" என்று சொல்லிவிட்டு அவள் கையில் ஒன்றைக் கொடுத்தேன். வாங்கினாள், குடித்தாள், சுற்றிப் பார்த்தாள். "இவ்வளவுதானா? இதுக்குத்தானா இத்தனை வருஷம்?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. இன்றைக்குக் கல்லூரிப் பெண்கள் தோழிகளோடு நின்று டீ குடிப்பதைப் பார்க்கிறேன். மனசு நிறைகிறது. பெஞ்சில் உட்காருங்கள் அம்மா. பேப்பரில் முதல் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, சாமி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சாமி கும்பிடுகிறவன். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பர் முன்னால் நின்றால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். கும்பிடுகிறவன் என்கிற உரிமையோடு சில வார்த்தை சொல்கிறேன்.

நம் ஊர் நாள்காட்டியை ஹோட்டல் கல்லாவில் உட்கார்ந்தே படிக்கலாம். புரட்டாசி பிறந்தால் பிரியாணிக் கடையில் ஈ ஓட்டுவார்கள். கார்த்திகை ஒன்றாம் தேதி முதல் சைவ ஹோட்டலில் கறுப்பு வேட்டி கூட்டம். அமாவாசை, கிருத்திகை, வெள்ளிக்கிழமை எல்லாம் கல்லாவுக்குத் தெரியும். ரம்ஜான் மாதம் வந்தால் சாயங்காலம் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு வரிசை நிற்கும். நோன்புக் கஞ்சி. அந்த வரிசையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். அந்தக் கஞ்சியில் வெந்தயமும் இஞ்சியும் சேர்ந்து வருகிற வாசனை, கையில் தூக்குவாளியின் சூடு, இரண்டும் இப்போதும் நினைவிருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்க வரும்போது வழியெல்லாம் நீர்மோர், பானகம், புளியோதரை. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று அந்த வெயிலில் யாரும் கேட்பதில்லை.

ஆனால் ஒரு சொல் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. ஹோட்டல் போர்டுகளில் பாருங்கள், "உயர்தர சைவ உணவகம்." மரக்கறிச் சாப்பாடு போடும் சின்னக் கடை கூட 'உயர்தர' என்று எழுதிக்கொள்ளும். ஆட்டுக்கறிச் சாப்பாடு போடுகிற கடை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது வெறும் 'அசைவம்.' சைவம் என்பது சிவனைக் கும்பிடுகிற சமயத்தின் பெயர். அது எப்படிக் கத்திரிக்காய்க் குழம்புக்குப் பெயரானது? கறி சாப்பிடுகிறவன் எப்படி 'அ' போட்டு விலக்கப்பட்டவன் ஆனான்?

சிவபெருமானுக்கு இறைச்சி படைத்தவர் யார்? கண்ணப்பர். தீயில் சுட்டு, வாயில் போட்டுப் பதம் பார்த்து, நல்ல துண்டாகத் தேர்ந்தெடுத்துப் படைத்தார். அறுபத்து மூவரில் ஒருவராக அவரைக் கல்லில் வடித்துக் கோவில் பிராகாரத்தில் நிறுத்திக் கும்பிடுகிறோம். அந்தக் கண்ணப்பர் இன்று ஒரு 'உயர்தர சைவ உணவக'த்துக்கு வந்தால் அவருக்கு என்ன பெயர்? சங்க காலத்துக்குப் போவோம். கபிலர் அந்தணர். அரசனிடம் அவர் என்ன சொல்கிறார்? கறியும் சோறும் உண்டு உண்டே பாடுகிறவர்களின் கைகள் மென்மையாகிவிட்டன என்கிறார். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமில்லை. நமக்கு எங்கிருந்து வந்தது இந்தக் கூச்சம்? இலங்கைத் தமிழர்கள் காய்கறிச் சாப்பாட்டை 'மரக்கறி' என்கிறார்கள். அழகான சொல். மரக்கறி ஒரு கறி, ஆட்டுக்கறி ஒரு கறி. அதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. நான் வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவன். அது என் விரதம். அதை வைத்துப் பக்கத்து மேசைக்காரரை அளக்க எனக்கு என்ன உரிமை?

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் வடக்கம்பட்டி என்று ஒரு கிராமம். அங்கே முனியாண்டி சாமி. அந்த ஊர்க்காரர்கள் பஞ்சம் பிழைக்கப் போன இடத்தில், 1930-களில், ஒரு சாப்பாட்டுக் கடை போட்டுக் குலசாமி பெயரை வைத்தார்கள். முனியாண்டி விலாஸ். இன்று அந்தப் பெயர் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? அன்றன்றைக்கு முதல் வாடிக்கையாளர் கொடுக்கிற பணத்தைச் சாமிக்கென்று எடுத்து வைக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. தை மாதம் எந்தெந்த ஊரிலோ கடை நடத்துகிறவர்கள் கடையைப் பூட்டிவிட்டு வடக்கம்பட்டிக்கு வருவார்கள். ஆடு, கோழி நேர்ந்து விடுவார்கள். ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாக பிரியாணி வேகும். விடிவதற்குள் சாமிக்குப் படைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பிரசாதம். நான் ஒரு வருஷம் போனேன். அரிசி மாவு நிறத்தில் பனி இறங்கியிருந்தது. புகை கண்ணைக் கரித்தது. சின்னப் பையனிலிருந்து பாட்டி வரை பாத்திரத்தோடு வரிசை. என் முறை வந்தது. கையில் பாத்திரம் இல்லை. வேட்டி மடித்துக் கட்டிய ஒருவர், எந்த ஊர் என்று கூடக் கேட்கவில்லை, ஒரு வாழையிலையைக் கிழித்து என் இரண்டு கையிலும் விரித்து, அதில் சூடாக அள்ளி வைத்தார். திருநீறு வாங்கும்போது எப்படிக் கையை நீட்டுவேனோ அப்படித்தான் நீட்டினேன். அது பிரசாதம் இல்லையென்றால் எது பிரசாதம்?

2003 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் ஓர் உத்தரவு வந்தது. கோவிலில் கிடா வெட்டக்கூடாது. 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து அமல்படுத்தினார்கள். கருப்பருக்கும் முனியாண்டிக்கும் காளிக்கும் நேர்ந்து விட்ட கிடாய்களோடு சனங்கள் விழித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த ஆண்டே அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். ஏன் ரத்து செய்தார்கள்? கிராமங்கள் பேசின. தேர்தல் வந்தது. டீக்கடைப் பெஞ்சில் பேசின பேச்சுதான் சென்னைக் கோட்டை வரை கேட்டது. ஆட்சியில் இருப்பவர் யாராக இருந்தாலும், ஒருவன் தன் சாமிக்கு என்ன படைக்கிறான், தன் இலையில் என்ன வைக்கிறான் என்று பார்க்க அவன் அடுப்படிக்குள் வரக்கூடாது. இது என் அரசியல். இதுவே என் பக்தி. இரண்டையும் நான் தனித்தனியாக வைத்திருக்கவில்லை.

இனி, சொல்லக் கனமான ஒன்றுக்கு வருகிறேன்.

இந்த மதுரையில் 1939 ஜூலை 8-ஆம் தேதி என்ன நடந்தது? அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டவர்கள் மீனாட்சியம்மன் கோவிலுக்குள் நுழைந்தார்கள். அதுவரை உள்ளே விடாமல் நிறுத்தி வைக்கப்பட்ட மக்களுக்காகக் கதவு திறந்தது. பெருமைப்படுகிறோம், பெருமைப்பட வேண்டும். ஆனால் அந்த ஆண்டில் ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போயிருந்தால் என்ன பார்த்திருப்பீர்கள்? பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். அது 1941-ல்தான் போனது. ஊருக்குள் இருந்த காபி கிளப்புகளில் 'பிராமணாள்' போர்டு அதற்குப் பிறகும் தொங்கியது. 1957 மே மாதம் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் பெரியார் போராட்டத்தைத் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் போவதும் கைதாவதும் மாதக்கணக்கில் நடந்தது. மறு ஆண்டுதான் அந்தச் சொல் போர்டிலிருந்து இறங்கியது. மீனாட்சி முன்னால் சேர்ந்து நிற்கலாம் என்றான பிறகும், காபி குடிக்கச் சேர்ந்து உட்கார இன்னும் பதினெட்டு, பத்தொன்பது வருஷம் தேவைப்பட்டது!

கும்பிடுவதை விடச் சேர்ந்து உண்பதுதான் சாதிக்குப் பெரிய பயம். இதை அரசியல் சட்டம் எழுதியவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். 15-ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். கடை, உணவகம், ஹோட்டல், கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஹோட்டலுக்கு என்ன வேலை? அம்பேத்கருக்குத் தெரியும் என்ன வேலையென்று. அரசியல் பேசக்கூடாது என்று போர்டு மாட்டிய ஹோட்டலே அரசியல் சட்டத்துக்குள் இருக்கிறது, நண்பர்களே!

சட்டம் அங்கே இருந்தது. நான் எங்கே இருந்தேன்?

1988. ஊர்ப் பெயர் வேண்டாம். பஸ் மாறுகிற ஒரு விலக்கு. கூரை போட்ட டீக்கடை. நான் டை கட்டியிருந்தேன், எனக்குக் கண்ணாடி கிளாஸில், மேலே நுரை பொங்க டீ வந்தது. அறுவடை வேலை முடித்து ஒரு பெரியவர் வந்தார். என் அப்பா வயது. முழங்கால் வரை சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. நேராகக் கடையின் பின்பக்கம் போனார். கூரை எரவாணத்தில் ஓர் அலுமினியக் குவளை செருகியிருந்தது. அதை எடுத்தார். தொட்டித் தண்ணீரில் அலசினார். தரையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். மாஸ்டர் வெளியே வந்து, குனியாமல், மேலேயிருந்து ஊற்றினார். கொஞ்சம் மண்ணில் சிந்தியது. பெரியவர் எடுத்துக் குடித்தார். மறுபடி அலசினார். மறுபடி எரவாணத்தில் செருகினார். காசைத் திண்ணையில் வைத்தார், போய்விட்டார்.

அந்தக் கடையிலும் போர்டு இருந்தது. "இங்கு அரசியல் பேசக்கூடாது."

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த போர்டுக்குக் கட்டுப்பட்டவன் போல, என் டீயைக் குடித்து முடித்துவிட்டு பஸ் ஏறினேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. அந்தக் குவளை என் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்று மாலை நான் தங்கிய ஊரில் கோவிலுக்குப் போனேன், அர்ச்சனை செய்தேன். எந்த முகத்தோடு செய்தேன்?

அதெல்லாம் பழங்கதை என்று யாராவது சொல்வீர்கள். 2024 பிப்ரவரியில், தர்மபுரி மாவட்டத்தில், காட்டு வேலைக்கு வந்த பட்டியல் சாதிப் பெண்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் டீ கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தவர்கள் மேல் வழக்குப் பதிந்து கைது செய்தார்கள். 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவுச் சமையலராக வந்த பெண்ணை, சாதியைக் காட்டிச் சமைக்கவிடாமல் தடுத்தார்கள். காமராசர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கி வைத்தது எட்டயபுரத்தில். எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022-ல் காலை உணவும் வந்தது. அந்தக் காலை உணவை, அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில், 2023 செப்டம்பரில், சமைத்தவரின் சாதியைச் சொல்லிப் பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்கள். பிள்ளைகளா மறுத்தார்கள்? வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் மாவட்ட ஆட்சியரும் போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்படித்தான் உட்கார வேண்டும். அது வெறும் உப்புமா சாப்பிட்ட சங்கதி இல்லை. எந்த மேடைப் பேச்சை விடவும் பெரிய அரசியல் அது.

அரசியல் சாக்கடை என்று சொல்லிக்கொண்டு ஒதுங்குகிறவர்களைப் பார்க்கிறேன். படித்தவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். ஓட்டுக்குப் பணம், கூட்டத்துக்கு பிரியாணிப் பொட்டலம், இதெல்லாம் அசிங்கம் என்கிறார்கள். அசிங்கம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் தட்டு வைத்ததும் அரசியல்தான். 2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகம் திறந்து ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுத்ததும் அரசியல்தான். சுமை தூக்குகிறவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிற கிராமத்து அம்மாவும் ஒரே வரிசையில் டோக்கன் வாங்கிச் சாப்பிட்டார்கள். எந்தக் கட்சி கொண்டு வந்தது என்று நான் பார்க்க மாட்டேன். பசிக்குக் கட்சி இல்லை. எந்த ஆட்சி வந்தாலும் அந்த அடுப்பை அணைக்கக் கூடாது என்பேன். வடலூரில் வள்ளலார் 1867 மே 23-ஆம் தேதி மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. ஆங்கிலேயர் ஆட்சி போனது, எத்தனையோ ஆட்சிகள் வந்து போயின. அங்கே வருகிறவரிடம் சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. உட்கார் என்கிறார்கள்.

உட்கார்! அந்தச் சொல்லில்தான் நான் நிற்கிறேன். யார் உட்காருகிறார், யார் நிற்கிறார்?

போன மாதம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். கை கழுவப் பின்பக்கம் போனேன். பரிமாறின பையன் அங்கே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒடிசாக்காரப் பையன், பத்தொன்பது இருபது வயது. "சார், கொளம்பு? மோரு?" என்று மதுரைத் தமிழில் கேட்கிறான். காலை ஐந்தரைக்கு எழுந்தவன். அடிச் சட்டிச் சோறு, ரசம், ஓரத்தில் கொஞ்சம் பொரியல். ஒரு கையில் தட்டு. பக்கத்தில் எச்சில் இலை போட்ட டிரம். அதற்கு மேல் ஈ. முன்னால் பதினாறு மேசை காலியாகக் கிடக்கிறது. "தம்பி, உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிடு" என்றேன். அவன் கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "பரவால்ல சார்" என்று சிரித்தான்.

நமக்கெல்லாம் பரிமாறுகிற பிள்ளை நின்றுகொண்டு சாப்பிடுகிறான். 2021 செப்டம்பரில் நம் சட்டப் பேரவை, கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. நல்ல சட்டம், மனிதத்தன்மையுள்ள சட்டம். ஆனால் அந்தப் பையனின் கண் கல்லாவைத்தான் பார்க்கிறது. சட்டம் அங்கே போய்ச் சேரவில்லை. யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? சாப்பிடப் போகிற நாம்தான். கேட்க வேண்டும். "அண்ணே, பையன் சாப்பிட்டானா? எங்கே உட்கார்ந்து சாப்பிட்டான்?" என்று கல்லாவில் காசு கொடுக்கும்போது கேட்க வேண்டும். சத்தம் போட்டுக் கேட்க வேண்டாம், மரியாதையாகக் கேட்கலாம். அது அரசியல் பேச்சுதான். அந்த போர்டுக்குக் கீழேயே நின்று பேசலாம். மேலே இருக்கிற பிள்ளையாரும் மாதாவும் மெக்காவும் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

என்னை ஒதுக்கிவிட்டு உங்களுக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அன்றைக்குப் பேசாமல் பஸ் ஏறினவன் நான். அதனால்தான் இன்றைக்கு ஒலிபெருக்கி முன்னால் நின்று பேசுகிறேன்.

அன்பர்களே, கூட்டம் முடிந்ததும் கீழ்த்தளத்தில் சாப்பாடு இருக்கிறது என்று செயலாளர் சொன்னார். சாம்பார் சாதம், தயிர் சாதம், கேசரி. வரும்போது பார்த்துவிட்டு வந்தேன். பரிமாற நாலு தம்பிகள் நிற்கிறார்கள். பாத்திரம் கழுவ இரண்டு அம்மா வந்திருக்கிறார்கள். மத்தியானத்திலிருந்து நிற்கிறார்கள். முதல் பந்தியில் அந்த ஆறு பேரும் உட்காரட்டும். பக்கத்து இலைகளில் நம் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் உட்காரட்டும். சாம்பார் வாளியை நான் எடுத்துக்கொள்கிறேன். தண்ணீர் ஊற்ற ஒருவர், இலை எடுக்க இரண்டு பேர் வாருங்கள்.